கொடிக்கு எந்தக் கம்பு? புசல்லாவையிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பதில்

கிளிநொச்சியில் இருக்கும் என் சித்தி சென்ற மாதம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். முன்விறாந்தையில் வைத்திருந்த மணிபிளான்ட் சாடியோடு சரிந்து கிடந்தது. ஆறடிக்கு வளர்ந்த கொடி. அதற்கு ஊன்றியிருந்த மூங்கில் கம்பு மண்மட்டத்தில் உளுத்து முறிந்திருந்தது. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு: "தம்பி, அங்க பங்களா மரத்துல எல்லாம் எவ்வளவு பெரிசா ஏறி நிக்கும். இதுக்கு என்ன கம்பு ஊன்றலாம்னு யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு. ரொம்பப் பெரிய கம்பு வேணாம், தூக்கிட்டுப் போக ஏலாது."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். சித்தி புசல்லாவையில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் எங்கள் பாட்டி வீடும் ஒன்று. அங்கே போயும் எத்தனை தடவை இடம் மாறினார்கள் என்பதைச் சித்தியே விரல் விட்டு எண்ணித்தான் சொல்வார். 2009இல் மெனிக் பாமில் இருந்தார். இப்போது கல்வீடு இருக்கிறது. ஆனாலும் செடி எல்லாம் சாடியில்தான். நிலத்தில் வைத்தது எதையும் கொண்டுவர முடியவில்லை என்பது அவருடைய அனுபவம்.

அவர் கேட்டது கம்பைப் பற்றி. அதற்குச் சுருக்கமான பதில் கிடையாது. நான் குரல் பதிவில் சொல்ல ஆரம்பித்து, நீண்டு போனதால் எழுதினேன். வடக்கிலும் மலையகத்திலும் புது வீட்டு விறாந்தையில் பெரிய கொடி வளர்க்க ஆசைப்படும் வேறு சிலருக்கும் உதவலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

பங்களா மரமும் ஜேம் போத்தலும்

பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் கம்பளைக்கு மேலே வருவது புசல்லாவை. 1841 அளவில் வோர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்து கோப்பி நட்டார்கள். சீனாவிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகளையும் அங்கே வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்திலிருந்தே துரைமார் பங்களாக்களைச் சுற்றி வெளிநாட்டுச் செடிகளை நடும் வழக்கம் உண்டு. இன்றும் பழைய பங்களா ஒன்றின் பெரிய மரத்தைப் பார்த்தால் மணிபிளான்ட் உச்சிவரை ஏறி நிற்கும். ஓர் இலை சுளகு அளவு இருக்கும், ஓரங்களில் கிழித்துவிட்ட மாதிரி வெட்டு விழுந்திருக்கும். அதே கொடியின் ஒரு துண்டைக் கொண்டுவந்து லயத்துக் காம்பராவில் ஜேம் போத்தலில் தண்ணீர் ஊற்றி வைத்தால் இலை உள்ளங்கை அளவைத் தாண்டாது.

இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பசளை, வெயில், மண் எல்லாம் காரணம்தான். ஆனால் பெரிய காரணம், ஒன்று ஏறுகிறது, மற்றது தொங்குகிறது என்பது. இந்த வகைக் கொடிகள் தண்டின் கணுக்களில் இருந்து வேர் விட்டு மரப்பட்டையைப் பற்றி ஏறுபவை. பற்றிப் பிடித்து மேலே போகப் போக, ஒவ்வொரு இலையும் முந்தியதைவிடப் பெரிதாக வரும். பிடிக்க ஒன்றும் இல்லாமல் தொங்கினால் தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை சிறுத்துப் போகும். கொடி அப்படியே வேறொரு மரத்தைத் தேடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகும் அப்படித்தான். நிலத்தில் ஓடும் தண்டு காய்க்காது. மரத்தில் ஏறிய தண்டின் பக்கக் கிளைகளில்தான் மிளகுச் சரம் விடும்.

மொன்ஸ்டெரா குடும்பத்தில் இன்னும் ஒரு விநோதம். கோஸ்தாரிக்காக் காட்டில் அந்த வகைக் கொடி ஒன்றின் முளைகளைக் கவனித்த ஆய்வாளர்கள் 1975இல் எழுதினார்கள்: அவை வெளிச்சத்தை நோக்கிப் போகாமல் இருட்டை நோக்கி ஊர்கின்றன. காட்டில் இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடி. அதை அடைந்து தொட்ட பிறகுதான் கொடி வெளிச்சத்துக்குத் திரும்பி மேலே ஏறத் தொடங்குகிறது. கண் இல்லாத செடிக்கு மரம் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது.

ஆகவே கம்பு என்பது கொடி விழாமல் இருக்க முட்டுக் கொடுப்பது மட்டும் இல்லை. செடி எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சித்தியின் ஆறடிக் கொடியில் இலைகள் சின்னதாகவே இருந்ததற்கு வழவழப்பான மூங்கில்தான் காரணம். கொடி கயிற்றில் தொங்கியதே தவிர மூங்கிலைப் பற்றவில்லை.

எப்படிப் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

கடைக்குப் போகும் முன்னர் உங்கள் கொடியின் தண்டைத் திருப்பிப் பாருங்கள். கணுவில் பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் நகம் போலவோ கயிறு போலவோ வேர் தள்ளியிருந்தால் அது வேரால் பற்றும் இனம். மணிபிளான்ட், மொன்ஸ்டெரா, பிலோடென்ட்ரன், சிங்கோனியம், மிளகு, வெற்றிலை எல்லாம் இதில் சேரும். இவற்றுக்குச் சொரசொரப்பான, தடித்த, ஈரம் தங்கும் கம்பு வேண்டும்.

மல்லிகை, முல்லை, சங்குப்பூ, அவரை போன்றவை தண்டையே சுற்றிச் சுற்றி ஏறுபவை. இவற்றுக்குத் தடித்த கம்பு கூடாது. தூண் அளவு தடிப்பானால் சுற்றிவர முடியாமல் வழுகி விழும். விரல் பருமனுக்குள் உள்ள கம்பு அல்லது கயிறு போதும். பாகல், புடோல், பெஷன் புரூட், நம் மலையகத்துச் சௌசௌ ஆகியவை சுருள்கம்பி போன்ற பற்றுக்கைகளால் பிடிப்பவை. அவற்றுக்குக் கம்பைவிடப் பந்தலும் வலையும்தான் பொருத்தம். போகன்வில்லா எதையும் பிடிக்காது, முள்ளைக் கொளுவிச் சாய்ந்து நிற்கும். அதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் கொடைக்கு உதாரணமாகப் படித்தோம். செடி வளர்ப்பவன் கண்ணால் பார்த்தால் அது பொருத்தமான தெரிவும்கூட. சுற்றி ஏறும் கொடிக்கு ஆரக்கால்களும் மெல்லிய கட்டைகளும் நிறைந்த தேரைவிட நல்ல பந்தல் ஏது? மொன்ஸ்டெராவாக இருந்திருந்தால் தேரோடு கொஞ்சம் பொச்சும் கொடுத்திருக்க வேண்டும்.

இனி இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியே. விறாந்தையிலும் வீட்டுக்குள்ளும் பெரிதாகி விழுந்து தொல்லை கொடுப்பவை அவைதான்.

கையில் கிடைப்பவை

மூங்கில்தான் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வரும். மகாவலிக் கரையோரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பெரிய கொடிக்கு அது சரிவராது. மேற்பரப்பு வழவழப்பு, வேர் பிடிக்காது. ஈர மண்ணில் ஓரிரு வருடத்தில் அடி உளுத்துவிடும். கன்றாக இருக்கும்போது தற்காலிகமாக ஊன்றலாம். ஊன்றினால் மேல்நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். கணுவுக்கு மேல் குழாய் போல விட்டால் அதில் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். டெங்கு இருக்கும் நாட்டில் பூச்சாடிக் கம்பும் ஒரு நுளம்புத் தொட்டியாகலாம். பி.வி.சி. குழாய்க்கும் இதே எச்சரிக்கை. மேல்வாயை மூடி போட்டு அடைக்கவேண்டும்.

தும்பு சுற்றிய கம்புகளைக் கண்டி, பேராதனைப் பக்கத்து நாற்றுக்கடைகளில் விற்கிறார்கள். பார்க்க அழகு. பெரும்பாலும் உள்ளே மெல்லிய குச்சி, வெளியே ஒரு விரற்கடைத் தும்பு. இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மூன்றடிக்குக் குறைவான செடி என்றால் வாங்கலாம். மொன்ஸ்டெராவுக்கு வாங்கினால் அடுத்த வருடம் அதைவிடப் பெரியது வாங்க வேண்டி வரும். அப்போது பழையதில் பிடித்த வேர்களைப் பிய்க்க வேண்டும்.

மரப்பன்னத்தின் தண்டு இந்த வேலைக்கு மிக நல்லது என்று ஓர்கிட் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அது இயற்கையாகவே வேர்களால் நெய்த தூண். இறம்பொடைக்கு மேலே ஓடைக்கரைகளில் குடை விரித்து நிற்கும் அந்த மரங்கள் அங்குலம் அங்குலமாக வளர்பவை. அவற்றின் சர்வதேச வர்த்தகமும் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒரு பூச்சாடிக்காக அதை வெட்டாதீர்கள், வெட்டியதை வாங்காதீர்கள். காட்டு மரங்களில் இருந்து பாசியை உரித்துக்கொண்டு வருவதும் அப்படியே. அந்தப் பாசிதான் மலைக்காட்டில் பனியைப் பிடித்துத் தண்ணீராக்கி வைத்திருப்பது.

தேயிலை மலையில் கிடைக்கும் ஒரு நல்ல பொருளை நம் ஆட்கள் அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். மறுநடுகைக்காகப் பிடுங்கிய கிழட்டுத் தேயிலைக் கட்டை. முறுக்கேறிக் கிளைவிட்டு, சொரசொரப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். உயரம்தான் குறைவு, இரண்டு மூன்று அடி. சிங்கோனியம், சின்ன பிலோடென்ட்ரன் போன்றவற்றுக்கு இதைவிட அழகான கம்பு கிடையாது. தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் கிரவிலியாவின் கிளையும் பட்டையோடு இருந்தால் நன்றாகப் பிடிக்கும்.

வடக்கில் நிலைமை வேறு. அங்கே சோளகக் காற்று வீசும் மாதங்களில் எந்தக் கம்பும் அரை நாளில் காய்ந்துவிடும். மரக்கட்டை என்றால் கறையான் வேறு. ஆனால் அங்கே பனை இருக்கிறது. வைரம் பாய்ந்த பனஞ்சலாகை சாடி மண்ணிலும் நெடுநாள் நிற்கும். அதன் மேல் பன்னாடையைச் சுற்றிக் கட்டினால் தும்புக்கு ஈடாக இருக்கும். கள்ளு வடிக்கப் பயன்பட்ட பன்னாடைக்கு இது இன்னொரு தொழில்.

ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். காணிகளில் கிடக்கும் கம்பி, இரும்புக் குழாய், கட்டை எதுவானாலும் எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. தறப்பாள் கொட்டிலின் கம்புகள் எத்தனையோ வீட்டில் இன்று பந்தற்கால். அதில் தவறில்லை. ஆனால் கண்ணிவெடி அகற்றும் பகுதிகளில் எல்லை காட்ட ஊன்றிய சிவப்புத் தலைக் கம்புகளை எவரும் தொடவேண்டாம். அவற்றைப் பிடுங்கினால் பின்னால் வருகிறவருக்கு எல்லை தெரியாமல் போகும். மண்ணில் பாதி புதைந்திருக்கும் உலோகத்தையும் அசைக்க வேண்டாம்.

நான் சித்திக்குச் சொன்ன கம்பு

இத்தனையையும் பார்த்த பிறகு கிளிநொச்சி வீட்டுக்குப் பொருத்தமாக எனக்குத் தெரிந்தது பொச்சுத் தூண்தான். செலவு குறைவு, ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம்.

கோழிவலையை ஒன்றரை அடி அகலத்தில், ஐந்தரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். அதைக் குழாயாகச் சுருட்டினால் ஐந்து அங்குலக் குறுக்களவுள்ள தூண் வரும். கம்பி முனைகளை உள்பக்கம் மடக்குங்கள், கையைக் கிழிக்கும். நடுவில் முதுகெலும்பாக ஒரு பனஞ்சலாகை அல்லது ஓர் அங்குலக் குழாய். மீதி இடத்தைத் தேங்காய்ப் பொச்சை விரல் நீளத்துக்கு வெட்டி இறுக்கி நிரப்பவேண்டும். பொச்சை அதற்கு முன்னர் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊற வையுங்கள். உப்பும் சாயத் தண்ணீரும் கழிந்துவிடும். வெறும் தும்புத்தூளை மட்டும் நிரப்பினால் ஆறு மாதத்தில் அமர்ந்து மேல்பாதி வெற்றாகிவிடும்.

கம்பு நிற்பது அடியைப் பொறுத்தது. சித்தியின் கம்பு உளுக்காமல் இருந்திருந்தாலும் ஒருநாள் சரிந்துதான் இருக்கும், ஏனென்றால் அது வெறும் மண்ணில் குத்தி வைத்தது. நடுக்கம்பின் அடியில் இரண்டு சட்டத்தைச் சிலுவை மாதிரி ஆணி அடித்து அதைச் சாடியின் அடித்தளத்தில் வைத்து, மேலே கல்லும் மண்ணும் போடவேண்டும். இல்லாவிட்டால் பழைய பால்மா டின்னில் கம்பை நிறுத்திச் சீமெந்துக் கலவை ஊற்றி இறுகவிட்டு, டின்னோடு சாடிக்குள் இறக்கலாம். தண்ணீர் வடியும் துளையை டின் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சாடி வேண்டாம். அகலமான சீமெந்துச் சாடியே நல்லது. நனைந்த பொச்சும் பெரிய இலைகளும் சேர்ந்தால் மேல்பாரம் எவ்வளவு என்பது காற்று அடிக்கும்போதுதான் தெரியும். ஐந்தடிக்கு மேல் போனால் தூணின் தலையைச் சுவரில் ஒரு கொளுக்கிக்குக் கட்டிவிடுவது நிம்மதி.

கம்பு ஊன்றும் நேரம் செடி நடும் நேரம்தான். பலர் முதலில் செடியை வைத்து, அது சரியத் தொடங்கிய பிறகு கம்பு தேடுகிறார்கள். வளர்ந்த சாடிக்குள் தடித்த கம்பைக் குத்தினால் வேர்கள் அறும். தாமதமாகிவிட்டால் சாடி மாற்றும் வரை பொறுத்திருந்து, வேர்க்கட்டியை வெளியே எடுத்துச் செய்யுங்கள்.

மொன்ஸ்டெராவுக்கு முன்னும் பின்னும் உண்டு. இலைகள் ஒரு பக்கம் பார்த்து நிற்கும், வேர்கள் மறுபக்கம் தள்ளும். வேர் தள்ளும் பக்கம்தான் தூணோடு ஒட்டவேண்டும். மாற்றிக் கட்டினால் செடி ஒரு வருடம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டும்போது தண்டைக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள். இலைக்காம்பு வெளிச்சத்துக்கு ஏற்ப அசைய வேண்டிய உறுப்பு. கட்டுக் கம்பி தண்டை அறுக்கும். பழைய சீலைக் கிழிசல் போதும். எட்டுப் போல ஒரு சுற்று தண்டுக்கும் ஒரு சுற்று தூணுக்குமாகத் தளர்த்திக் கட்டினால் தண்டு பருக்க இடம் இருக்கும். வேர் பொச்சுக்குள் போன பிறகு கட்டை அவிழ்த்துவிடலாம்.

தண்ணீரைச் சாடிக்கு மட்டும் ஊற்றினால் இவ்வளவும் வீண். தூணின் தலையில் ஊற்றி மெதுவாக இறங்க விடவேண்டும். புசல்லாவையில் வருடத்தில் பாதி நாள் மழையும் பனிமூட்டமும் அந்த வேலையைச் செய்துவிடும். கிளிநொச்சியில் ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, தலைகீழாகத் தூணின் உச்சியில் செருகி வையுங்கள். சேலைன் மாதிரிச் சொட்டும். கொடி உச்சியை அடைந்ததும் தூணை நீட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. மேல் இரண்டடியை வேரோடு வெட்டிப் பக்கத்தில் நட்டுவிட்டால் அடித்தண்டு மீண்டும் துளிர்க்கும்.

வெட்டிய துண்டுகளை வேலிக்கு அப்பால் எறியாதீர்கள். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த மணிபிளான்ட் இன்று கண்டி உடவத்தக்கலைச் சரணாலயத்தில் ஏக்கர்க்கணக்கில் நிலத்தையும் மரங்களையும் மூடிக் கிடக்கிறது. காட்டு மரத்தைக் கம்பாகக் கொடுத்தால் அது திருப்பித் தராது. இதன் சாறு தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், வாயில் பட்டால் எரியும். தவழும் குழந்தையும் ஆடும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

உயிருள்ள கம்பு

இதையெல்லாம் அனுப்பியபின் சித்தி வேறொரு கேள்வி கேட்டார். "அங்க மிளகு ஏத்துற மரம் இங்க வேலியில நிக்குதே, அதை வெட்டி ஊன்றினா என்ன?"

அவர் சொன்னது கிளிரிசீடியா. யாழ்ப்பாணத்தில் சீமைக்கிளுவை என்பார்கள். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இதை அரசாங்கம் அறிவித்தது. கண்டி, மாத்தளை வீட்டுத்தோட்டங்களில் மிளகு பெரும்பாலும் இதில்தான் ஏறுகிறது. சாடிக்கு இது உதவாது. பச்சையாக ஊன்றினால் கம்பே துளிர்த்து, கொடியின் உணவைத் தானே சாப்பிடும். நிலத்தில் ஊன்றினால் கதை வேறு. உளுக்காத கம்பு, ஏனென்றால் அதற்கு உயிர் இருக்கிறது. காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். வெட்டி விடும் தழை ஆட்டுக்கும் பசளைக்கும் ஆகும். முன்னர் தோட்டங்களில் முள்முருங்கையைத்தான் பெரிதும் பயன்படுத்தினார்கள். கேரளத்தில் கடந்த இருபது வருடங்களில் முள்முருங்கையைச் சிறு குளவி ஒன்று தாக்கி மிளகுக்காரர்களைத் தவிக்கவிட்டது. ஒரே வகைக் கம்பை நம்பாமல் இரண்டு வகை கலந்து வைப்பது நல்லது.

முற்றிய, பழுப்பேறிய கிளையை ஐந்து ஆறு அடிக்கு வெட்டி, மேல்நுனியைத் தண்ணீர் தேங்காதபடி சரிவாகச் சீவி, ஓர் அடி ஆழத்தில் இறுக்கி நடவேண்டும். அது வேர் பிடித்து ஒரு பருவம் போனபிறகு மிளகுக் கன்றை, மேற்கு வெயில் நேரே படாத பக்கமாக வைக்கலாம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் சொல்லும் இடைவெளி எட்டடிக்கு எட்டடி. மழை தொடங்கும் காலங்களில் கிளை கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் கூடி மிளகு பிடிக்காது. மூன்றாம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும். அதன் பிறகு ஒழுங்காகப் பார்த்தால் இருபது வருடம் நிற்கும்.

மூன்று வருடம், இருபது வருடம் என்று நான் சாதாரணமாக எழுதுகிறேன். புசல்லாவை லயத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு சாதாரணமானது இல்லை. தோட்டக் காணி அரசுடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம். லயத்துக்கு முன்னால் கீரையும் போஞ்சியும் போட்டால் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. நின்று நிலைக்கும் மரத்தை வைத்தால்தான் கேள்வி வரும். மரம் வைத்தவன் நாளைக்குக் காணி கேட்பான் என்ற பயம். போஞ்சிக்கு ஊன்றும் கம்பு மூன்று மாதத்தில் பிடுங்கிவிடும் கம்பு. மிளகுக்கு ஊன்றுவது உரிமைக் கம்பு.

ஏழு பேர்ச்சஸ் கொடுத்து வீடு கட்டித் தந்த இடங்களில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,905 சதுர அடி. இந்திய வீடமைப்புத் திட்ட வீடு 550 சதுர அடி. காணி சதுரமாக இருந்தால் நாலு பக்க எல்லையும் சேர்த்து 175 அடி வரும். எட்டடிக்கு ஒரு கம்பு என்றால் இருபதுக்கு மேல். மலைச்சரிவு, மண்மேடு, பாதை, அயலவர் நிழல் என்று பாதியைக் கழித்தாலும் பத்துக் கொடி நிற்கும். நடுக்காணியைத் தொடாமல் எல்லை வேலியே மிளகுத் தோட்டம். உறுதி கையில் வராதவர்களும் இதைச் செய்கிறார்கள். செய்யாமல் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். யார் சரி என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வடக்கில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, கதியால். எல்லையில் நட்டுத் துளிர்க்க விடும் வேலிக்கம்பு. கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதில் வந்த வழக்குகளைப் பற்றி யாழ்ப்பாணத்தார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உயர் பாதுகாப்பு வலயங்கள் விடுபட்டபோது வீட்டைக் காணாமல், வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் மரமாகிப் போயிருந்ததை வைத்துத் தம் வளவைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் தோண்டி மட்டப்படுத்திய இடங்களில் அந்த அடையாளமும் கிடைக்காமல் நின்றவர்களும் உண்டு.

நிலம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்லாமல் விட மனமில்லை. மிளகுக் கொடியின் ஏறும் தண்டை வெட்டி நட்டால் ஏறும் கொடிதான் வரும். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால், அது தான் பக்கக்கிளை என்பதை மறப்பதில்லை. ஏறாது. இரண்டு மூன்று அடிப் புதராகவே நின்று சாடியில் காய்க்கும். இதைப் புதர்மிளகு என்கிறார்கள். கேரளத்தில் மாடி வீட்டுக்காரர் பலர் வளர்க்கிறார்கள். பக்கக்கிளை வேர்பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். பத்துத் துண்டு வைத்தால் சிலதுதான் தப்பும். ஈரமும் நிழலும் குறையாமல் மூடி வைத்துப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். ஆனால் அதற்குக் கம்பே தேவையில்லை. லயத்து வாசலில் ஒரு பெயின்ட் வாளியில் வைக்கலாம். தூக்கிக்கொண்டும் போகலாம்.

புதர்மிளகைப் பற்றிச் சொன்னதும் சித்தி இரண்டு கன்று அனுப்பச் சொன்னார். கம்பளையிலிருந்து கிளிநொச்சிக்கு யார் போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பொச்சுத் தூண் செய்தாகிவிட்டது. ஐந்தரை அடி, சீமெந்துச் சாடி, இரண்டு பேர் பிடித்தால்தான் அசைக்கலாம் என்று படம் அனுப்பினார். கூடவே, வேலியில் முற்றிய சீமைக்கிளுவையில் ஐந்து தடி பார்த்து வைத்திருக்கிறாராம். ஐப்பசி மழை விழுந்ததும் கிழக்குப் பக்க எல்லையில் நடுவதாக உத்தேசம். மேற்குப் பக்கம் இப்போதைக்கு இல்லை. காணி அனுமதிப்பத்திரத்துக்கு அளக்க வருவதாகச் சொன்னவர்கள் இன்னும் வரவில்லை, அவர்கள் கயிறு பிடித்த பிறகுதான் அந்தப் பக்கம்.